வேலை நின்ற நாட்களில் உலை வைத்தவர்கள்

(பூவாரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



விடுதலைப் போராட்டக் காலத்தில் தொழிலாளர்களைத் திரட்டி, பிற்பாடு மறக்கப்பட்டுப்போன ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டீர்கள். ஒருவரைக் கேட்டீர்கள், நான் இருவரோடு வந்திருக்கிறேன். ஒருவர் சுப்பிரமணிய சிவா. இன்னொருவர் அய்யன்காளி. இவர்களா மறக்கப்பட்டவர்கள் என்று முன்வரிசையில் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வது தெரிகிறது. நியாயமான கேள்விதான். திருவனந்தபுரம் வெள்ளையம்பலத்தில் அய்யன்காளிக்குச் சிலை இருக்கிறது. தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியில் சிவாவுக்கு நினைவிடம் இருக்கிறது. பிறந்த நாளில் மாலை விழுகிறது.

ஆனால் நாம் எதை நினைவில் வைத்திருக்கிறோம்? சிவா என்றால் சிறையில் தொழுநோய்க்கு ஆளானவர், மேடையில் முழங்கியவர். அய்யன்காளி என்றால் வில்லுவண்டி. பொதுவழியில் காளை பூட்டிக்கொண்டு தலைப்பாகையோடு போனவர். இரண்டும் உண்மை. ஆனால் இருவரும் 1907, 1908 என்ற இரண்டே ஆண்டுகளுக்குள், தொழிற்சங்கச் சட்டம் என்ற ஒன்று பிறப்பதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்பே, வேலைநிறுத்தம் என்ற காரியத்தில் இறங்கி வென்று காட்டியவர்கள். அந்தக் காரியத்தை எப்படிச் செய்தார்கள் என்பதைத்தான் மறந்துவிட்டோம். ஆளை வைத்துக்கொண்டு அவர் செய்த தொழிலைத் தொலைத்துவிட்டோம் என்பேன்.

இதை ஏன் பூவாரில் நின்று சொல்ல வேண்டும்? இருவரின் கதையும் உங்கள் வாசலைத் தொட்டுத்தான் போகிறது. அய்யன்காளியின் வெங்கானூர் உங்களுக்கு வடக்கே பக்கத்து ஊர். விழிஞம் அதே கரையில் இருக்கிறது. கிழக்கே நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை வழியாகப் போகும் தெற்குச் சாலை, திருவனந்தபுரத்தையும் திருநெல்வேலியையும் இணைத்த பெருவழி. 1908-இல் திருவனந்தபுரத்துக்கு ரயில் வந்திருக்கவில்லை. தெற்கேயும் கிழக்கேயும் போக வேண்டியவர்களுக்கு இந்தச் சாலையும், பூவாரைத் தொட்டு ஓடிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாயும்தான் போக்கிடம். சரக்கு வந்தது, நெசவாளர் வந்தனர், மிஷனரிகள் வந்தனர், நாடு கடத்தப்பட்டவர்களும் இவ்வழியாகத்தான் போனார்கள்.

முதலில் சிவாவைப் பார்ப்போம். 1884 அக்டோபர் 4 அன்று வத்தலக்குண்டில் பிறந்தவர். வீட்டில் வறுமை. திருவனந்தபுரத்துக்கு வந்து ஊட்டுப்புரையில் சாப்பிட்டுப் படித்தார். மகாராஜாவின் செலவில் பிராமணர்களுக்கு இலவசமாகச் சோறு போட்ட இடம் அது. அந்தச் சோற்றை உண்டு வளர்ந்த பிள்ளை, அதே அரசுக்குத் தலைவலியாக மாறியது வரலாற்றின் சின்னக் குறும்பு. 1906-இல் ஆரிய சமாஜத்தைச் சேர்ந்த தாக்கூர் கான் சந்திரவர்மா திருவனந்தபுரத்தில் பேசியதைக் கேட்டு அரசியலுக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டு தர்ம பரிபாலன சமாஜம் என்று ஓர் அமைப்பைத் தொடங்கி இளைஞர்களைக் கூட்டிப் பேசினார். பேச்சின் சூடு அரண்மனைக்கு எட்டியது. நாட்டை விட்டு வெளியேறு என்று உத்தரவு வந்தது. ஊர் ஊராகப் பேசிக்கொண்டே போய்த் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளையின் வீட்டு வாசலை மிதித்தபோது சிவாவுக்கு வயது இருபத்து மூன்று.

அதே 1907-இல் வெங்கானூர்க்காரர் ஒருவர் சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கியிருந்தார். அய்யன்காளி 1863 ஆகஸ்ட் 28 அன்று பிறந்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். திருவிதாங்கூரில் அடிமை முறை 1855-இல் சட்டப்படி ஒழிந்துவிட்டது. சட்டம் ஒழித்ததை வயல் ஒழிக்கவில்லை. பொழுது விடியும் முன் ஏலாவில், அதாவது வயல்வெளியில், இறங்க வேண்டும். பொழுது சாய்ந்த பிறகு ஏற வேண்டும். கூலி காசாக வராது. நெல்லோ, மரச்சீனிக் கிழங்கோ, நிலத்துக்காரரான தம்பிரான் மனம் வைத்த அளவு. கஞ்சியை மண்ணில் குழி தோண்டி இலை போட்டு ஊற்றுவார்கள். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. 1904-இல் வெங்கானூரில் அய்யன்காளி ஒரு குடிசைப் பள்ளி கட்டினார், எரித்துவிட்டார்கள். அவருடைய சாதியான புலையர் பிள்ளைகளையும் பள்ளியில் சேர்க்கலாம் என்று 1907-இல் அரசு உத்தரவு போட்டது. கீழ்நிலை அதிகாரிகள் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். அது வெளியே வர 1910 ஆகிவிட்டது.

இந்த இடத்தில்தான் அவர் வயலைப் பிடித்தார். மனு கொடுத்துப் பார்த்தாயிற்று, கெஞ்சிப் பார்த்தாயிற்று. எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் களைதான் முளைக்கும் என்ற பொருளில் அவர் விடுத்த எச்சரிக்கையை இந்தப் பக்கத்தில் இன்றும் வெவ்வேறு வார்த்தைகளில் சொல்வார்கள். பள்ளிச்சல், முடவூப்பாறை, விழிஞம், கண்டல, கணியாபுரம் என்று வேலைநிறுத்தம் பரவியது. பள்ளி அனுமதிதான் முதல் கோரிக்கை. அடிக்கக் கூடாது, பொய் வழக்குப் போடக் கூடாது, பொதுவழியில் நடக்கும்போது மறிக்கக் கூடாது, ஓய்வு வேண்டும், கூலியை உயர்த்த வேண்டும் என்பவை கூடவே வந்தன.

ஒரு கூலி வேலைநிறுத்தத்தில் கல்வி முதலிடத்தில் நின்றதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஐரோப்பாவில் ஆலைத் தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலைக்காக நின்றார்கள், கூலிக்காக நின்றார்கள். தன் பிள்ளை பெஞ்சில் உட்கார வேண்டும் என்பதற்காக, நாளைக்கு உலை வைக்க அரிசி இல்லாதவர்கள் ஒரு சாகுபடிப் பருவத்தையே விட்டுக்கொடுத்தது உலகத் தொழிலாளர் வரலாற்றிலேயே அரிதான செயல்.

ஜென்மிகள் எனப்பட்ட நிலவுடைமையாளர்கள் முதலில் சிரித்தார்கள். பசி வந்தால் தானாக வருவார்கள் என்று காத்திருந்தார்கள். அந்தக் கணக்கு தப்பானதல்ல. நூறாண்டுகளாக அதுதான் பலித்துவந்தது. வயலை நம்பியவனுக்கு வயலைத் தவிர வேறு சோறு கிடையாது. பசித்தவன் மூன்றாம் நாள் வருவான், நோயாளிப் பிள்ளையை வைத்திருப்பவன் இரண்டாம் நாளே வருவான். சில நிலவுடைமையாளர்கள் தாங்களே வயலில் இறங்கிப் பார்த்தார்கள். ஒரு புலையர் ஒரு நாளில் செய்ததை ஆறு பேர் சேர்ந்து செய்ய முடியவில்லை, பலருக்குச் சேற்றுப்புண்ணும் காய்ச்சலும் வந்தன என்று அய்யன்காளியின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது, நீங்களும் சிரிக்கிறீர்கள். ஆனால் வேலைநிறுத்தம் வென்றது அதனால் அல்ல.

வென்றது கடலால். அய்யன்காளி விழிஞம் கடற்கரைக்குப் போனார். மீனவர்களிடம் பேசினார். வள்ளத்துக்கு ஒருவராக, வயலை விட்டு வந்தவர்களை ஏற்றிக்கொள்ளவும், கரை திரும்பியதும் பிடித்த மீனில் அவர்களுக்கும் ஒரு பங்கு கொடுக்கவும் ஏற்பாடாயிற்று. கடல் தொழில் தெரிந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். பங்கு என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று நாணயமாகப் பிரிக்கிற முறை. பழக்கமில்லாத கையொன்று வள்ளத்தில் ஏறினால் மற்றவர்களின் பங்கு குறையும். துடுப்புப் பிடிக்கத் தெரியாதவனைச் சுமந்துகொண்டு, அவனுக்குப் பங்கும் கொடுத்து, இதை நாள் கணக்கில் அல்ல, மாதக் கணக்கில் செய்தார்கள். அந்த மீனவர்களும் பணக்காரர்கள் அல்லர். 

கடைசியில் முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் கண்டல நாகன் பிள்ளை நடுவராக உட்கார்ந்து பேச்சு நடந்தது. கூலி உயர்ந்தது, பள்ளி அனுமதியும் வழி நடக்கும் உரிமையும் ஒப்பந்தத்தில் ஏறின. ஒப்பந்தத்தில் ஏறியது ஊரில் இறங்க மேலும் பல ஆண்டுகள் ஆயின என்பது தனிக் கதை. பஞ்சமி என்ற சிறுமியைக் கையைப் பிடித்து ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அய்யன்காளி அழைத்துச் சென்றதும், அந்தப் பள்ளி எரிக்கப்பட்டதும் பின்னால் நடந்தவை. தீயில் தப்பிய பெஞ்சு ஒன்று அங்கே பாதுகாக்கப்பட்டிருக்கிறது. பள்ளியின் பெயரையும் இப்போது அய்யன்காளி, பஞ்சமி நினைவாக மாற்றியிருக்கிறார்கள். பாறசாலையிலிருந்து அதிக தூரமில்லை. ஆசிரியர்கள் பிள்ளைகளை அழைத்துப் போகலாம்.

இப்போது கிழக்கே போவோம்.

தூத்துக்குடியில் கோரல் மில். 1888-இல் தொடங்கியது, ஹார்வி நிர்வாகம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள், அவர்களில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளும் அடக்கம். விடியலில் உள்ளே போனால் இருட்டிய பிறகு வெளியே வர வேண்டும். வளர்ந்த ஆண்களின் வேலை நேரத்துக்கு இந்தியச் சட்டம் ஒரு வரம்பு வைத்ததே 1911-இல்தான். விடுமுறை இல்லை, தவறினால் பிரம்படி. 1908 பிப்ரவரியில் சிவாவும் வ.உ.சி.யும் தொழிலாளர் கூட்டங்களில் நாள்தோறும் பேசினார்கள். சிவா 1905-இல் ரஷ்யாவில் நடந்த புரட்சியைச் சொன்னார். நூற்பாலையில் கையை நிறுத்தினால் கம்பெனிக்கு எங்கே வலிக்கும் என்பதைச் சொன்னார். பிப்ரவரி 27 அன்று ஆலை நின்றது.

ஒன்பது நாள். இங்கேயும் அதே கேள்வி: ஒன்பது நாள் இந்தக் குடும்பங்கள் எதைச் சாப்பிட்டன? வ.உ.சி. நகரத்து வக்கீல்களையும் வணிகர்களையும் கூட்டி நிதி திரட்டினார். தன் கைப்பணத்தைப் போட்டார். வேலையை விட்டவர்களில் பலருக்கு வேறு இடங்களில் வேலை பார்த்துக் கொடுத்தார். நகரமே வேலைநிறுத்தத்தில் ஒரு கையை வைத்தது. ஆங்கிலேயர் பக்கம் நின்ற ஒரு வக்கீலுக்குச் சவரம் செய்ய நாவிதர்கள் மறுத்த கதையைத் தூத்துக்குடியில் எல்லோரும் சொல்வார்கள். நிர்வாகம் இறங்கி வந்தது: கூலி உயர்வு, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, வேலை நேரக் குறைப்பு. அதைப் பார்த்து மற்ற ஐரோப்பியக் கம்பெனிகளும் தங்கள் ஆட்களுக்குக் கொஞ்சம் இளகிக் கொடுத்தன.

வெற்றி கிடைத்து ஒரு வாரம்கூடச் சரியாக ஆகவில்லை. மார்ச் 12 அன்று வ.உ.சி., சிவா, பத்மநாப ஐயங்கார் மூவரும் கைது செய்யப்பட்டார்கள். மறுநாள் திருநெல்வேலி எரிந்தது. நகராட்சி அலுவலகம், தபால் நிலையம், காவல் நிலையம் தீப்பற்றின. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். தூத்துக்குடியில் கடைகள் அடைத்தன. கோரல் மில் தொழிலாளர்கள் மறுபடியும் ஆலையை விட்டு வெளியே வந்தார்கள். முன்பு கூலிக்காக வந்தவர்கள், இந்த முறை கைதான தலைவர்களுக்காக வந்தார்கள். ஜட்கா வண்டிக்காரர்கள், இறைச்சிக் கடைக்காரர்கள், நகரசுத்தித் தொழிலாளர்கள் கூட நின்றார்கள். திலகருக்குத் தண்டனை விதித்தபோது பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் ஆறு நாள் வேலையை நிறுத்தியதுதான் இந்தியாவின் முதல் அரசியல் வேலைநிறுத்தம் என்று பெரிய புத்தகங்கள் எழுதுகின்றன. லெனின் அதைப் பாராட்டி எழுதியது அதற்கு உலகப் புகழ் கொடுத்தது. அது 1908 ஜூலை. தூத்துக்குடி நடந்தது மார்ச். நாலு மாத மூப்பு. லெனின் கண்ணில் பட்டிருந்தால் பாடப்புத்தகம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். வ.உ.சி.க்கு ஆயுள் தண்டனை, சிவாவுக்குப் பத்து ஆண்டு நாடு கடத்தல். மேல்முறையீட்டில் இரண்டும் ஆறு ஆண்டாகக் குறைந்தன. அந்த வழக்கில் அரசுத் தரப்பு வைத்த சான்றுகள் எவை? பேச்சுகள். போலீஸ்காரர்கள் கூட்டத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்த பேச்சுகள். சிவா என்றைக்கு என்ன சொன்னார் என்று நாம் இன்றைக்கு அறிவதற்கே அந்தக் குறிப்புகள்தான் காரணம். நான் சொல்லவந்தது இந்த இடத்தில்தான் இருக்கிறது. அரசாங்கம் பேச்சுக்குப் பயந்தது, ஆகவே பேச்சைப் பதிவு செய்தது. வரலாற்றாசிரியர்கள் பதிவை வைத்து எழுதினார்கள், ஆகவே சிவா ஒரு பேச்சாளராக நமக்கு வந்து சேர்ந்தார். ஒன்பது நாளும் அரிசி எந்தக் கடையிலிருந்து எந்தத் தெருவுக்குப் போயிற்று, யார் அளந்து போட்டது, கைக்குழந்தைக்காரிக்கு ஒரு படி கூடக் கிடைத்ததா என்பதை எந்தப் போலீஸ்காரரும் எழுதிக்கொள்ளவில்லை. விழிஞத்தில் எத்தனை வள்ளங்கள், யாருடைய வள்ளங்கள் என்பதையும் எந்தத் திவானின் கோப்பும் குறிக்கவில்லை. அமைப்பாளரின் உண்மையான வேலை அந்தப் பதிவாகாத பகுதியில் இருக்கிறது. வேலையை நிறுத்து என்று சொல்ல ஒரு நாள் போதும். நின்ற வேலையை நிற்கவே வைத்திருப்பதற்கு ஒவ்வொரு வீட்டின் அடுப்பும் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, இரண்டும் ஒரே மாதிரியான வேலை, ஒரே காலம். அப்படியானால் ஒன்று விடுதலைப் போராட்டத்திலும் மற்றது சாதிச் சீர்திருத்தத்திலும் போய்ச் சேர்ந்தது எப்படி? எதிராளி யார் என்பதை வைத்துப் பிரித்தார்கள். ஹார்வி வெள்ளைக்காரர், ஆகவே கோரல் மில் தேசியம். பள்ளிச்சல் ஏலாவின் சொந்தக்காரர் நம்மவர், ஆகவே அது உள்வீட்டுச் சங்கதி. இந்தப் பிரிவினை எனக்கு ஒப்பவில்லை. நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் ஒரு புலையர் வீட்டுப் பெண்பிள்ளை பள்ளி வாசலில் நின்றபோது, உள்ளே விடாமல் தடியோடு நின்றவர் வெள்ளைக்காரர் அல்லர். அவளுடைய விடுதலைக்கு யாரோடு மோத வேண்டுமோ அவர்களோடுதான் அவளுக்காக மோத முடியும்.

இதில் ஒரு சங்கடமான செய்தி இருக்கிறது. நெய்யாற்றின்கரைக்காரர்கள் கோபிக்கக் கூடாது. உங்கள் ஊரின் பெருமை சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளை. 1878-இல் அதியன்னூரில் பிறந்தவர். வக்கம் அப்துல் காதர் மௌலவி நடத்திய சுதேசாபிமானி பத்திரிகைக்கு 1906 முதல் ஆசிரியர். திவான் ராஜகோபாலாச்சாரியின் ஆட்சியைக் கிழித்து எழுதினார். 1910 செப்டம்பர் 26 அன்று அச்சகத்தைப் பூட்டி, அவரைக் கைது செய்து, போலீஸ் காவலில் இதே சாலை வழியாக ஆரல்வாய்மொழி தாண்டித் திருநெல்வேலிப் பக்கம் விட்டுவிட்டு வந்தார்கள். மூன்றாண்டு முன்பு சிவாவை விரட்டிய அதே திருவிதாங்கூர். 1912-இல் அவர் கார்ல் மார்க்ஸின் வாழ்க்கை வரலாற்றை மலையாளத்தில் எழுதினார். இந்திய மொழி எதிலும் அதற்கு முன் அப்படி ஒரு நூல் வந்ததில்லை என்று சொல்வார்கள். எவ்வளவு பெரிய காரியம்!

அதே மனிதர், நாடு கடத்தப்பட்ட அதே 1910-இன் மார்ச் மாதத்தில், புலையர் பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்காரவைப்பதை எதிர்த்துத் தலையங்கம் எழுதினார். தலைமுறை தலைமுறையாக அறிவை உழுதவர்களையும் மண்ணை உழுதவர்களையும் ஒன்றாகப் பூட்ட முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். மார்க்ஸைப் பற்றி இந்தியாவில் முதலில் எழுதிய கைகளில் ஒன்று, பக்கத்து ஊரில் விவசாயத் தொழிலாளர்கள் ஓராண்டு காலம் நடத்திய வேலைநிறுத்தத்தின் முதல் கோரிக்கைக்கு எதிராகவும் எழுதியது. இதைச் சொல்வது அவரைச் சிறுமைப்படுத்த அல்ல. அவருடைய துணிச்சல் துணிச்சல்தான். ஆனால் அறிவாளிகள் எதைத் தொழிலாளர் பிரச்சினையாகப் பார்த்தார்கள், எதைப் பார்க்கவில்லை என்பதற்கு இதைவிடக் கூர்மையான சான்று எனக்குத் தெரியாது. ஆலை இருந்தால் தொழிலாளி. சேறு இருந்தால் சாதி.

இந்தக் குருட்டுத்தனத்துக்குச் சென்னை ஒரு விலை கொடுத்தது. 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பி.பி.வாடியா தலைவர், அதற்கு முன்பே ஆலைத் தொழிலாளர்களைக் கூட்டி வைத்தவர்கள் செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும். உங்கள் தலைப்புக்கு இந்த இரண்டு பெயர்களும் நன்றாகவே பொருந்தும். ஒரு வணிகரும் அவருடைய நண்பரும் பஜனை சபையில் தொடங்கிய பேச்சு, இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாக முடிந்தது. அதற்கு மூன்றாண்டு கழித்து, 1921-இல், பக்கிங்ஹாம் கர்னாடிக் ஆலைகளில் பெரிய வேலைநிறுத்தம் வந்தபோது ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் கலவரம், குடிசைகள் எரிந்தன. வேலைநிறுத்தம் உடைந்தது. திரு.வி.க. போன்ற நல்ல மனிதர்கள் தலைமையில் இருந்தும் உடைந்தது. ஆதிதிராவிடர்கள் ஏன் திரும்பினார்கள் என்று கேட்டால், துரோகம் என்று அன்று பலர் எழுதினார்கள். அவர்களுக்கு வேறு சோறு இல்லை, சேரித் தெருவுக்கு வேலைநிறுத்தக் காலத்து அரிசி ஒழுங்காக வரும் என்ற நம்பிக்கையும் இல்லை, சங்கம் தங்களுடையது என்ற எண்ணமும் இல்லை. வெங்கானூரில் சாதியால் வேறுபட்ட கடற்கரையை அய்யன்காளி தன் பக்கம் கொண்டுவந்தார். பெரம்பூரில் ஒரே ஆலைக்குள் இருந்தவர்களைச் சங்கத்தால் ஒரே பக்கத்தில் வைத்திருக்க முடியவில்லை. 1921-இல் வெங்கானூரைப் படித்தவர் ஒருவர் பெரம்பூரில் இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

சிவா 1912-இல் சிறையிலிருந்து வெளியே வந்தார், நோயோடு. ஞானபாநு என்ற பத்திரிகையை நடத்தினார். பாரதி அதில் எழுதினார். தொழுநோயைக் காரணம் காட்டி அவர் ரயிலில் போவதற்குத் தடை வந்தது. அதற்குப் பிறகு நடந்தும் மாட்டுவண்டியிலும் போய்ப் பேசினார். 1923-இல் பாப்பாரப்பட்டியில் பாரத மாதா கோயிலுக்குத் தேசபந்து சித்தரஞ்சன் தாஸை வரவழைத்து அடிக்கல் நாட்டச் செய்தார். 1925 ஜூலை 23 அன்று அங்கேயே இறந்தார், நாற்பது வயதில். அவரோடு கைதான பத்மநாப ஐயங்காரைப் பற்றிப் பாடநூல்களில் ஒரு வரிக்கு மேல் பார்ப்பது அரிது. நீங்கள் கேட்ட முழுக்க மறக்கப்பட்டவர் வேண்டும் என்றால் அவரைத்தான் கை காட்ட வேண்டும்.

இந்தத் தாலுகாவின் விடுதலை வரலாற்றை எழுதுகிறவர்கள் 1938 ஆகஸ்ட் 31-இல் தொடங்குவார்கள். நெய்யாற்றின்கரையில் ஸ்டேட் காங்கிரஸ் தலைவர் என்.கே.பத்மநாப பிள்ளையைக் கைது செய்ததை எதிர்த்துத் திரண்ட மக்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்த நாள். வீரராகவன் உள்ளிட்டோர் உயிர் விட்டார்கள். அவர்களுக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் கணக்கை அங்கிருந்து தொடங்கினால் முப்பது ஆண்டுகள் விட்டுப்போகின்றன. பின்னால் வந்த எல்லைப் போராட்டத்தில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரையையும் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழ்நாட்டுப் பக்கமும் நெய்யாற்றின்கரை கேரளப் பக்கமும் ஆயின. அதோடு வரலாறும் இரண்டாகப் போயிற்று. தூத்துக்குடியைத் தமிழ்நாட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டது. வெங்கானூரைக் கேரளப் புத்தகம் எடுத்துக்கொண்டது. ஒரே சாலையின் இரண்டு முனைகளில் அடுத்தடுத்து நடந்த இரண்டு வேலைநிறுத்தங்களை ஒரே பக்கத்தில் வைத்துப் பார்க்க எந்தப் பிள்ளைக்கும் வாய்ப்பு வரவில்லை. களியக்காவிளைக்கு இரண்டு புறமும் ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். இதை நீங்கள் செய்யலாம்.

அய்யன்காளியின் முடிவைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். 1911 டிசம்பரில் அவர் ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு நியமிக்கப்பட்டார். கூலி வாங்கி வாழ்பவர்கள் நிலம் இல்லாமல் எழ முடியாது என்பது வேலைநிறுத்தத்தில் பசித்த நாட்கள் அவருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். அவர் சபையில் கேட்டது புறம்போக்கு நிலம். நெய்யாற்றின்கரைத் தாலுகா விளப்பில் பகுதியில் 500 ஏக்கர் ஒதுக்கப்பட்டது, குடும்பத்துக்கு ஓர் ஏக்கராக. அளந்து கைக்கு வந்ததிலும் வழக்குகள் இருந்தன, தகராறுகள் இருந்தன. அதையெல்லாம் அவர் சபையில் மறுபடி மறுபடி எழுந்து சொல்லிக்கொண்டே இருந்தார்.

கோயில் நுழைவுப் பிரகடனத்தை ஒட்டித் திருவிதாங்கூர் முழுவதும் சுற்றிவந்த காந்தி, 1937 ஜனவரி 14 அன்று வெங்கானூருக்கு வந்தார். அப்போது அய்யன்காளிக்கு வயது எழுபத்து மூன்று. நான்கு ஆண்டுகள் கழித்து, 1941 ஜூன் 18 அன்று காலமானார். சொந்தமாக என்ன வேண்டும் என்று காந்தி கேட்டதற்கு, சாவதற்குள் தன் சமுதாயத்தில் பத்துப் பேராவது பி.ஏ. தேறியதைப் பார்க்க வேண்டும் என்றார். முப்பது ஆண்டுகளுக்கு முன் வயலில் வேலையை நிறுத்தியபோது வைத்த முதல் கோரிக்கை அதுதான். கூலிப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.